முதல் வலி

என் வீட்டுக்காரர் அற்புதராஜுக்கு நெஞ்சுவலி வந்ததிலிருந்து, சிங்கப்பூர் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடப்பதுதான் காலை வேலை. முதல் சுற்றில் வலிக்கும். கீழ்த்தளத்துக் கல் பெஞ்சில் உட்காருவார். வலி அடங்கியதும் மறுபடி நடப்பார், அப்போது ஒன்றும் செய்யாது. சில பேருக்கு இப்படி உண்டு என்றார் டாக்டர். முதல் நடையில் சிரமப்பட்ட இதயம் அடுத்த நடைக்குக் கொஞ்ச நேரம் தயாராகிவிடுகிறதாம். "அதுக்காக நோய் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. பாரம் தூக்காதீங்க" என்றும் சொன்னார். இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"முதல் வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடறேன் ரூபி. அப்புறம் நாள் பூரா எனக்கு."

ஒப்புக்கொடுத்ததை வாங்கிக்கொண்டது யார் என்று இவர் யோசிக்கவில்லை. நான்தான் கவனித்தேன். பெஞ்சில் கால் பரப்பி நடுவில் உட்காருகிற மனிதர், இப்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கும். அங்கேயே வளரும் பூனை அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போகும்.

ஒரு நாள் லிஃப்டில் பக்கத்து வீட்டு இல்ஹாம் கேட்டார். "அக்கா, காலையில அண்ணன்கூட உட்கார்ந்திருக்காரே, யாரு லா அவரு? ஹலோ சொன்னா திரும்பியே பாக்க மாட்டேங்கிறாரு."

"கண்ணாடிய மாத்துங்க லா" என்று எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன.

பெரிய வெள்ளி வந்தது. லிட்டில் இந்தியா பக்கம் எங்கள் கோயிலில், சிலுவைப் பாதைக்கு மரச்சிலுவையைச் சுமப்பது இவர்தான். இந்த வருஷம் வேண்டவே வேண்டாம் என்று சண்டை போட்டேன்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நடை நடந்து வலிய முடிச்சுட்டு வந்துடறேன். அப்புறம் என்ன?"

நானும் கூடவே நடந்தேன். முதல் சுற்றில் வலிக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தார், அப்போதும் இல்லை. "பாத்தியா!" என்று சிரித்தார். பெஞ்சில் பூனை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இங்கே இல்லையென்றால் அந்த ஆள் எங்கே போயிருக்கிறான்?

கோயிலில் இவர் சிலுவையைத் தோளில் வாங்கினார். அதன் அடிமரம் தரையில் இழுபடும் கரகர சத்தம் ஒவ்வொரு வருஷமும் ஜெபத்தையும் மீறிக் கேட்கும். இந்த வருஷம் சத்தமே இல்லை. சிலுவைப் பாதையின் மூன்றாம் நிலை ஜெபத்துக்கு முழந்தாளிட்டபோது பார்த்தேன். அடிமரம் தரையைத் தொடவில்லை. பின்னால் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

"பஞ்சு மாதிரி இருக்கு ரூபி" என்றார். முகம் வெளுத்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வலி மட்டும்தான் இல்லை. இந்த மனிதர் வலிக்காமலே செத்துப்போகப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

ஃபாதர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கத்தினேன். "யாரா இருந்தாலும் சரி, அவரோட வலிய அவர்கிட்டயே குடு!"

அடிமரம் தொப்பென்று தரையில் விழுந்தது. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வலிக்குது ரூபி."

சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. நெஞ்சுவலிக்கு டாக்டர் கொடுத்திருந்த ஸ்பிரேயை நாக்குக்கு அடியில் அடித்தேன். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் இவர் தலைமாட்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் கண்ணைத் திறந்தவர், என்னைத் தாண்டி யாரையோ பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு ரூபி. அவரு நின்னுகிட்டே வராரு."

நான் தள்ளவில்லை. கைப்பையையும் பக்கத்தில் வைத்து, இருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.