கோட்டு போட்ட மரம்

டெல்ஃபினா கை கொள்ளாத கோட்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைக் கதவை முழங்காலால் தள்ளினாள். கூடத்தில் அவள் அப்பா எவரிஸ்தோவுக்காக ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் கழற்றிக் கட்டிலில் குவித்தவை. ரியோ கிராண்டே ஆற்றோரத்தில் வருஷத்துக்கு இரண்டு நாள்தான் கோட்டுக்கு வேலை. எல்லாவற்றிலும் பாச்சை உருண்டை வாசனை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ராத்திரி உறைபனி என்று ரேடியோ காலையிலிருந்தே அலறுகிறது. கொல்லையில் அப்பாவின் பம்பளிமாஸ் மரமோ பழங்களைச் சுமந்துகொண்டு வெறும் உடம்போடு நின்றது.

நேற்று அதைப் போர்த்தத்தான் அப்பா ஏணியில் ஏறினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழவில்லை. அம்மா ஒடிலியா மரத்துக்குப் போர்த்தும் கம்பளிகளையெல்லாம் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவரைத் தின்ன மரம். அதுவும் சாகட்டும்."

டெல்ஃபினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் போனது போதாதா? மரத்தையும் சேர்த்துப் புதைக்க அவள் தயாராக இல்லை.

தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த புத்தம்புது கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தை ஏணியில் ஏறிக் கிளைகளுக்குள் சுற்றினாள். மேலே கோட்டுகளைக் கையோடு கை முடிந்து, மண்ணின் சூடு வெளியே போகாதபடி தரைவரை தொங்கவிட்டாள்.

அத்தை ஹெர்மினியா ஓடிவந்தாள். "அடிப்பாவி! அங்க என் அண்ணனுக்கு ஜெபம் நடக்குது, இங்க நீ கிறிஸ்துமஸ் கொண்டாடறியா? அது என் கோட்டுடி!"

"தெரியும் அத்தை. உங்க அண்ணன் மரத்துக்குத்தானே போட்டிருக்கேன்?"

கூடத்தில் ஜெபம் நின்றது. அம்மா கொல்லைப்படி இறங்கி வருவதைப் பார்த்ததும் டெல்ஃபினா ஏணியிலிருந்து குதித்து மரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டணும்னா என்னைத் தள்ளிட்டுக் கழட்டும்மா."

அம்மா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு கோட்டை விலக்கி உள்ளே கைவிட்டு ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"கழட்டு இதை. புதுசு மினுக்கும், சுடாது. விடிய விடிய எரிஞ்சாலும் ஒரு இலைக்கு உதவாது. பழைய குண்டு பல்பு கட்டிலுக்கு அடியில இருக்கு, போய் எடுத்துட்டு வா."

டெல்ஃபினா பல்பையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னடி பார்க்கறே? வருஷா வருஷம் இந்த மரத்துக்காக அந்த மனுஷனோட சேர்ந்து மல்லுக்கட்டினவ நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப என் கோட்டு?" என்றாள் அத்தை.

"அது நாளைக்கு, ஹெர்மினியா." அம்மா இடுப்பிலிருந்த சாவியை உருவி அவள் கையில் வைத்தாள். "அலமாரியில கம்பளி இருக்கு. ஆளுக்கொண்ணு கொடு."

பழைய சரம் எரியத் தொடங்கியதும் வந்தவர்கள் ஒவ்வொருவராக மரத்தின் பாக்கெட்டுகளைத் துழாவிக் கார் சாவியை எடுத்துக்கொண்டு, கம்பளி போர்த்தியபடி கிளம்பினார்கள். கம்பளிகளில் போன குளிர்காலத்து இலைச்சருகு ஒட்டியிருந்தது.

அம்மா ஒரு பல்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அது சூடேறும்வரை நின்றாள்.