தடியனின் முதுகில் ரேகை இல்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து தொடங்கியது. பொய் என்னுடையது. இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் நான்காம் பகுதியில் அக்கா வந்து போட்டு உடைத்துவிடுவாள்.

எங்கள் பிரார்த்தனைக் கூடம் மாதம் ஒரு சிறு இதழ் வெளியிடுகிறது. பதினோரு வருடமாக அதன் கடைசிப் பக்கம் என்னுடையது. கண்ணால் கண்ட ஒரு சின்ன நல்ல காரியத்தை அங்கே எழுதுவேன். மழையில் முன்பின் தெரியாதவருக்குப் பாதிக் குடை கொடுத்தவர், பக்கத்து வீட்டுச் செடிக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியவர். உலகம் சாயாமல் நிற்பது இப்படிப்பட்டவர்களால்தான் என்று நம்புகிறவன் நான். இன்றும் நம்புகிறேன். ஆனால் இதைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் எழுதிப் பழக்கமில்லை, எங்காவது கை நழுவினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: ‘ஒரு பல் மருத்துவர் இருந்தார். பொறுமையே உருவான கைகள் அவருக்கு...’ (அடித்துவிட்டேன். இது அவர் கதை இல்லை.)

இரண்டாவது: ‘ஐம்பத்திரண்டு வயதில் என் அக்கா போருக்குப் போனாள்.’ (கெட்டிக்காரத்தனம். அக்காவுக்குக் கெட்டிக்காரத்தனம் பிடிக்காது.)

மூன்றாவது: என் அக்கா ஒரு பெட்டி பொம்மைச் சிப்பாய்கள் வாங்கினாள்.

இது இருக்கட்டும்.

2

அக்கா ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறாள். ஒரு நாளைக்கு இருநூறு தலையணை உறை. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடை. கண்ணாடிக்கு உள்ளே நீள மேஜை. அதில் அட்டையில் செய்த குன்றும் இடிந்த சுவரும். விரல் உயரச் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் அணிவகுத்து நிற்பார்கள். டேப்பால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிப் போர் நடக்கும். மூன்று வாரம் வெளியே நின்று பார்த்தவள், நான்காவது வாரம் உள்ளே போய்விட்டாள்.

“இதெல்லாம் சின்னப் பசங்களுக்கா?”

“அந்த மேஜையப் பாருங்கக்கா,” என்றாளாம் கடைக்காரப் பெண். “அதுல யாரு சின்னப் பையன்?”

ஏழு தலை. அதில் நான்கு வழுக்கை.

பெட்டியில் இருபது சிப்பாய்கள். முழுசாக இல்லை. கை வேறு, தலை வேறு, கேடயம் வேறு என்று சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டரால் வெட்டி எடுத்து, விளிம்பில் துருத்தும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஒட்டி, முதல் பூச்சாக ஸ்ப்ரே அடித்து, அப்புறம்தான் பெயிண்ட். அந்தப் பசை சாதாரணப் பசை இல்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் உருக்கி ஒன்றோடு ஒன்றை இணைத்துவிடும். அது அக்காவுக்குத் தெரியாது. முதல் சிப்பாயின் முதுகில் அவன் போர்வைத் துண்டை வைத்து, பசை வழிந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரலை எடுத்தபோது போர்வையில் அவள் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

பெயிண்டில் தண்ணீர் கலக்க வேண்டும் என்பதும் தெரியாது. டப்பாவிலிருந்து அப்படியே அப்பினாள். மூக்கு மறைந்தது, வாய் மறைந்தது. ஒரு கண் நெற்றிக்குப் போனது. பதினோரு நாள் ஆனது.

“எப்படிடா இருக்கான்?”

“சளி பிடிச்ச மாதிரி இருக்கான்க்கா.”

அவ்வளவு சிரித்து அவளை நான் பார்த்ததில்லை. கனத்த பூச்சுக்காக ‘தடியன்’ என்று பெயர் வைத்தாள். சாப்பிடும்போது உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்திக்கொள்வாள்.

(இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்கா செய்ததை இன்னொருவர் மறுபடி செய்வது எங்கள் வீட்டுப் பழக்கம். அவள் மடித்த துணியை அம்மா பிரித்து மடிப்பாள். அவள் எழுதிய விண்ணப்பங்களை நான் ‘சரி பார்த்து’ மொத்தமாக மாற்றிவிடுவேன். ஓட்டலில் மேற்பார்வையாளர், அவள் அடுக்கிய அடுக்கைக் கலைத்து அடுக்குவார். ஐம்பத்திரண்டு வருடத்தில் யாருமே தொடாத ஒரே பொருள் தடியன்தான்.)

3

இப்போது பல் மருத்துவர். நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

அந்த மேஜையில் கைதேர்ந்தவர் அவர்தான். எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். அக்கா போன முதல் நாளே எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மூன்றே முடி உள்ள பிரஷ் ஒன்றைச் சும்மாவே தந்தார். நல்ல மனிதர். (அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!)

பளபளப்புக்காகக் கடையில் வைத்துப் பூசிய கடைசிப் பூச்சு காயவில்லை என்று அக்கா ஒரு சனிக்கிழமை தடியனைக் கடை அலமாரியில் விட்டுவிட்டு வந்தாள். டாக்டர் அவனை வீட்டுக்கு எடுத்துப் போனார். பெயிண்டை நீக்கும் திரவத்தில் ஊறவைத்தார். பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார்.* போர்வையில் ‘ஏதோ மேடுபள்ளமாக’ இருக்கவே மெல்லிய அரத்தால் ராவி வழவழப்பாக்கினார். பிறகு ஐந்து இரவு உட்கார்ந்து வர்ணம் தீட்டினார். அடுத்த சனிக்கிழமை மேஜை நடுவில் கைக்குட்டையால் மூடி வைத்து, அக்கா வந்ததும் கைக்குட்டையை எடுத்தார்.

கண்ணிமை தெரிந்தது. போர்வை மடிப்பில் நிழல் இருந்தது. மற்ற ஆறு பேரும் கை தட்டினார்கள்.

“ஒரு சின்ன உதவிம்மா,” என்றார் டாக்டர்.

“ரொம்ப நன்றிங்க,” என்றாள் அக்கா.

* பல் மருத்துவர், பல் பிரஷ். இதை வைத்து ஒரு நகைச்சுவை எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

4

இதைக் கேட்டதும் நான் செய்தது என்ன? கடைசிப் பக்கத்துக்கு எழுதினேன். மனசு நெகிழ்ந்து எழுதினேன். தலைப்பு ‘ஐந்து இரவுகளின் அன்பு’. கடைசி வரி இப்படி: ‘அந்த அழகிய வர்ணத்துக்கு அடியில், உற்றுப் பார்த்தால், அவளுடைய விரல் ரேகை இன்னும் இருக்கிறது.’

எழுதிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடவுளுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

இதழ் வந்த அன்று அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். ஒரு கையில் இதழ், மறு கையில் சிப்பாய். இரண்டையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ரேகை இருக்குன்னு எழுதியிருக்க. எங்க இருக்கு? காட்டு.”

“அது... ஒரு அர்த்தத்துலக்கா...”

“அர்த்தமெல்லாம் வேண்டாம். விரல வெச்சுக் காட்டு.”

முதுகைத் தடவினேன். குழந்தையின் நகம் மாதிரி வழவழவென்று இருந்தது.

“இல்லல்ல? அவர் ராவிட்டாரு. நான்தான் உன்கிட்ட சொன்னேன். சொன்னதக் கேட்டுட்டு, இருக்குன்னு எழுதுற.”

“அவர் நல்ல எண்ணத்துலதான் செஞ்சார்க்கா.”

“நல்ல எண்ணம் இருக்கறவங்க கதவத் தட்ட மாட்டாங்களாடா?”

சிப்பாயைத் தட்டுக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தேன்.

“எல்லாரும் கை தட்டுறாங்க. நான் நன்றி சொல்றேன். அதான்டா ஆற மாட்டேங்குது. எம் பொருளத் தொலைச்சதுக்கு என் வாயாலயே நன்றி சொன்னேன் பாரு. சரி, அவராவது வெளியாள். நீ? அவர் தடியனச் சுரண்டினாரு, நீ என்னையே சுரண்டிட்ட. இந்தப் பக்கத்துல ஒரு பொம்பள கண்ணு கலங்கி நிக்குறாளே, யாரு அவ? எனக்குக் கண்ணு கலங்கல. எனக்கு அந்த மேஜையக் கவுக்கணும்போல இருந்துச்சு.”

“கவுத்திருக்கலாமேக்கா.”

“ஏழு பேரோட சிப்பாயும் அதுல நின்னாங்க. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

 இந்தக் கதையைப் படித்த அக்கா இந்த இடத்தில் பென்சிலால் எழுதியது: ‘இதுலயும் என்னைய நல்லவளாக்கிட்ட பாரு. பெயிண்ட் என் சேலையில கொட்டிடும்னுதான் கவுக்கல.’

5

முடிவுகள்.

(அ) டாக்டரை அவள் மன்னிக்கிறாள். இதுதான் எனக்குப் பிடித்தது. பதினோரு வருடமாக இதைத்தான் எழுதி வருகிறேன். அக்கா அதன்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, ‘என் சார்பா நீ மன்னிக்காத’ என்று எழுதியிருக்கிறாள்.

(ஆ) அதே திரவத்தில் சிப்பாயை ஊறவைத்து, டாக்டரின் வர்ணத்தை நீக்கி, மறுபடி கனமாக அப்புகிறாள். தடியன் திரும்பி வருகிறான். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் ராவிப்போன ரேகை எந்தத் திரவத்திலும் திரும்பாது. அதோடு, இப்போது அவளுக்குத் தண்ணீர் கலக்கத் தெரியும். தெரிந்த கையால் தெரியாததுபோல வரைந்தால் அது நடிப்பு.

(இ) அக்கா பெட்டியை மூடி, மீதிப் பத்தொன்பது பேரையும் குப்பையில்... (இதை முடிக்கவில்லை.)

நிஜத்தில் நடந்தது இவ்வளவுதான். இரண்டு சனிக்கிழமை அவள் கடைக்குப் போகவில்லை. சிப்பாய் சமையலறை ஜன்னலில் சுவரைப் பார்த்து நின்றான். மூன்றாவது சனிக்கிழமை அவனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டாள். பெட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

“நானும் வரட்டுமாக்கா?”

“எதுக்கு? கடைசிப் பக்கத்துக்கா?”

நான் போகவில்லை. கீழே உட்கார்ந்து பிரார்த்தித்தேன். டாக்டருக்காகவா, அவளுக்காகவா என்று எனக்கே தெளிவாக இல்லை. இரண்டு பேரையும் பற்றிச் சொல்லிவிட்டு, ‘நீயே பார்த்துக்கொள், நான் திருத்தவில்லை’ என்று முடித்தேன். என் பிரார்த்தனைகளில் இவ்வளவு சின்னது இதற்கு முன் இல்லை.

ஆறு மணிக்கு வந்தாள்.

“என்னக்கா ஆச்சு? அவர்கிட்ட சொன்னியா? என்ன சொன்னாரு?”

“என் தடியன், என் சனிக்கிழமை. நீ எழுதாத.”

அதனால் எழுதவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஊகம் செய்யவும் மாட்டேன். ஒன்றே ஒன்றை எழுதலாமா என்று மாடிக்குப் போய், கதவைத் தட்டிக் கேட்டேன். அவள் கதவைத் திறந்து, சரி என்றாள். அது இது: அவள் திரும்பி வந்தபோது கட்டைவிரல் நுனியில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட கதைகளில், முடிவை வாசகரே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது உண்டு. நான் விடமாட்டேன். உங்களுக்கு நல்ல மனம் இருக்கும், டாக்டருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இந்தக் கதையில் பிசிறு துருத்துகிறது, ஓரிடத்தில் வாக்கியம் அறுந்து கிடக்கிறது, முதுகுப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். தயவுசெய்து கையை எடுங்கள்.

தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்றால் மாடியில்தான் இருக்கிறாள். கதவைத் தட்டுங்கள். அவள் திறக்கும்வரை வெளியே நில்லுங்கள்.