ரிவர்ஸ் எடுக்காத ஜீப்

2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்துக்கு ஆள் மீட்கப் போன அகஸ்டினின் ஜீப், ஓட்டுபவர் யாரும் இல்லாமலே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மந்தைவெளிக்குத் திரும்பி வந்தது. பாலத்தருகே ஒரு பெரியவரைத் தூக்கிவிட அகஸ்டின் இறங்கினார், தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது, ஜீப் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் தானே கிளம்பியது என்று ஏழு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் இண்டிகேட்டர் வேறு போட்டதாம். இருக்கும். அந்த மனுஷன் காலித் தெருவில்கூட இண்டிகேட்டர் போடாமல் திரும்பினதில்லை. உடல் கிடைக்கவில்லை, சாந்தோம் சர்ச்சில் உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள்.

அவர் மனைவி மர்சலின், கணக்கு டீச்சர், மறுவாரம் வண்டியை எடுத்தபோது ஃபோர் வீல் லீவர் சிக்கியிருந்தது. மெக்கானிக் கரீமுல்லா வந்து பார்த்தார். வெள்ளத்தில் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்திருக்கிறார் அகஸ்டின். அப்படியே தார் ரோட்டில் ஓடியதில் முன் ஷாப்டும் பின் ஷாப்டும் முறுக்கிக்கொண்டு லீவரைப் பிடித்துவிட்டன. பழைய ஜீப்பில் இது சகஜம். பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு லீவர் தன்னால் கழன்றுவிடும். டீச்சர் லீவர்மேல் கை வைத்தார். குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. கையடியில் இன்னொரு கை இருந்தது. "அவரு புடிச்சிட்டிருக்காரு. நான் எடுத்துவிட மாட்டேன்" என்றார். கரீமுல்லாவும் தொட்டுப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பத்து வருஷம் அந்த ஜீப் பின்னால் போனதே இல்லை. நம்ப மாட்டீர்கள், மயிலாப்பூர், மந்தைவெளித் தெருக்களில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒருத்தர் வண்டி ஓட்டினார். எங்கள் சந்தில் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேறுவார். முட்டுச்சந்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஒருமுறை பாண்டி பஜாரில் மாட்டிக்கொண்டபோது கிரேன் வரவழைத்து ஜீப்பை அந்தரத்தில் தூக்கித் திருப்பி வைத்தார்கள். டீச்சர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். டயர் தேய்ந்தது, ஷாப்ட் கிராஸ் உடைந்தது, கியர்பாக்ஸ் ஊளையிட்டது. கரீமுல்லா ஒவ்வொன்றாக மாற்றினார், லீவரை மட்டும் தொடவில்லை. திருவான்மியூரிலிருக்கும் மகள் ரெனிட்டா வண்டியைத் தள்ளிவிடச் சொல்லி ஞாயிறுதோறும் சண்டை போட்டாள். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பாவம், ராத்திரி தூங்கப் போகுமுன் லீவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

இந்த வருஷம் கரீமுல்லாவுக்கே பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, முன் வீல் ஒரு பக்கம், பின் வீல் ஒரு பக்கம் இஸ்துக்கினு கீது. இனிமே நான் இன்னா பண்ணாலும் நிக்காது. ஒரு நாள் நடுரோட்ல மொத்தமா உட்டுடும். அப்ப சாரும் இல்ல, வண்டியும் இல்ல" என்றார். டீச்சர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு டீச்சர் சந்துக்குள் நுழைந்தார். மறுமுனையில் குழாய் போட அன்று காலைதான் பள்ளம் தோண்டியிருந்தார்கள், அவருக்குத் தெரியாது. எதிரே ஆம்புலன்ஸ். உள்ளே எதிர்வீட்டுச் சந்திரமௌலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வெளியே போக இருந்த ஒரே வழியில் ஜீப் நின்றது. சந்திரமௌலியின் மனைவி நீரஜா ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். கத்தவில்லை. "டீச்சர், அவருக்கு மூச்சு வாங்கறது. பின்னால எடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கிற நேரம் டீச்சர் அசையவில்லை. பிறகு லீவரைப் பார்த்து, "மன்னிச்சிருங்க" என்றார். ரிவர்ஸ் போட்டார்.

பத்து வருஷம் தொடாத கியர், அலறிக்கொண்டு விழுந்தது. பின்னால் ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சாக்கடை; டீச்சருக்குக் கண்ணீரில் கண்ணாடியே தெரியவில்லை. அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வா... வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் வரலாம், இடம் இருக்கு... போதும், மர்சி." பின்னால் ஆள் யாரும் இல்லை. டீக்கடையிலிருந்த அத்தனை பேரும் சாட்சி. டக்கென்று லீவர் கழன்றது. குமிழ் ஜில்லென்றாகிவிட்டது. ஆம்புலன்ஸ் போன பிறகும் டீச்சர் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதுகொண்டே இருந்தார். யாரும் கிட்டே போகவில்லை.

சந்திரமௌலி பிழைத்துவிட்டார், இப்போது உப்பில்லாத சாம்பாரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஜீப் நன்றாக ஓடுகிறது. குரல் சந்திலேயே தங்கிவிட்டது. தண்ணீர் லாரி, ஆட்டோ, பள்ளி வேன், எது பின்னால் எடுத்தாலும் வழி சொல்லும். அதைக் கேட்டு எடுத்தவர்கள் யாரும் மதிலில் இடித்ததில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் மிரண்டால், அது அகஸ்டின் சார், நம்பி எடுங்கள் என்போம். மாலை ஐந்து மணிக்கு டீச்சர் ஜீப்பைக் கொண்டுவந்து, அவசியமே இல்லாமல், சந்தில் மெல்ல ரிவர்ஸ் எடுப்பார். "போதும், மர்சி" வந்ததும் நிறுத்துவார். முன்னால் போய் மறுபடி எடுப்பார். சில நாள் வேண்டுமென்றே தப்பாக ஒடிப்பார். அன்றைக்கு அகஸ்டின் சார் இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசுவார்.