சம்பந்தியின் கோட்டும் ஒளிரும் வில்லையும்

ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷம் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டு அந்த வேதியியல்காரி ஒரு வில்லை செய்திருந்தாள். கட்டைவிரல் நகமளவு. ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். பெட்ரோல், பெயின்ட் மாதிரி சரக்கு கலந்த தண்ணீருக்கு மேலே பிடித்தால், ஆவி பட்டதும் மங்கிவிடும், விலகினால் மறுபடி ஒளிரும்.

அதைப் பார்க்கக் குடிநீர் வாரியத்திலிருந்து தலைமைப் பொறியாளர் வந்தார். வேறு யாருமில்லை, அவள் சம்பந்திதான். அவர் பையனுக்கு மகளைக் கட்டிக்கொடுத்து முழுசாக மூன்று மாதம் ஆகவில்லை. இவரைவிட்டால் ஆளே கிடைக்கவில்லையா என்று உள்ளுக்குள் புலம்பிக்கொண்டே, "வாங்க சம்பந்தி" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

முதல் குடுவையில் காய்ச்சி வடித்த தண்ணீர்.

"பாருங்க, இது மங்கவே மங்காது."

அவர் கோட்டும் டையுமாகக் குனிந்தார். வில்லை அணைந்தே போனது.

"சுத்தத் தண்ணின்னு சொன்னீங்க?"

குடுவையை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். வில்லையையே மாற்றினாள். அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தால் பளிச். கிட்டே வந்தால் இருட்டு. அப்போதுதான் அவள் மூக்கில் ஏறியது நெடி. அந்துருண்டை! பீரோவில் கிடந்த கோட்டு.

வாயைத் திறந்தால் சம்பந்தி நாறுகிறார் என்று சொன்னதாகிவிடும். திறக்காவிட்டால் நாலு வருஷ உழைப்பு போச்சு. தொண்டையைச் செருமினாள்.

"தப்பா நினைக்கக் கூடாது. கோட்டைக் கழட்டி வெளியே மாட்டிட்டு வர்றீங்களா?"

"எதுக்கு?"

"தண்ணி சுத்தம்தாங்க. நீங்கதான்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதாவது, அந்துருண்டையும் பெட்ரோலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி."

முகம் சிவக்க வெளியே போனார். காரேறிப் போய்விடுவார், மகளிடம் என்ன சொல்வது என்று அவள் ஜன்னலுக்கு ஓடினாள். அவரோ வெறும் சட்டையோடு திரும்பி வந்து குனிந்தார். பச்சை அசையவில்லை. ஓடிப்போய்க் கோட்டை எடுத்துவந்து அதன் கையை மட்டும் நீட்டினார், மங்கியது. தள்ளிப் பிடித்தார், ஒளிர்ந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுஷர் பத்துத் தடவை அப்படியே விளையாடினார்.

"பீரோவைத் திறந்தா மூச்சு முட்டுதுன்னு எத்தனை நாளா சொல்றேன்! உங்க மூக்குதான் கோளாறுன்னு ஒரே போடா போடுறா உங்க சம்பந்தியம்மா. இதுல ஒண்ணு குடுங்க, காட்டணும்."

கொடுத்தால் மாமியாரிடம் மகள் தலைதான் உருளும் என்று அவளுக்குத் தெரியாதா? "இதெல்லாம் ஆபீஸ் சாமான் சம்பந்தி, வெளியே தரக் கூடாது" என்று கும்பிட்டாள்.

அவர் வற்புறுத்தவில்லை. நீரேற்று நிலையத்தில் வைத்துப் பார்க்க அனுமதி எழுதினார். அவள் கேட்டிருந்தது பத்து வில்லை. அவர் எழுதியது பதினொன்று. ஒன்று எதற்கு அதிகம் என்று அவளும் கேட்கவில்லை.