தேநீரில் ஒரு கரண்டி

கொலாஜன் தூளை யோகராணி வாங்கியது தன் முகச் சுருக்கத்துக்காகத்தான். 2008 வசந்தத்தில், ஸ்ட்ரோம்மன் கடையில், தூள் அடைத்த பேணியின் மேல் ஒரு வெள்ளைக்காரி பச்சை இலையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மூட்டுக்கும் நல்லது என்று கடைக்காரப் பெண் சொன்னதும் புருசனுக்கும் சேர்த்து வாங்கிவிட்டாள்.

மகேசனிடம் சொல்லவில்லை. சொன்னால் மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்பார். வடக்கே ஹம்மர்பெஸ்ட் ஊர் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்று முழங்கால் தேய்ந்த மனிதர். மூன்று மாதம் மீன், மச்சம் தொடாமல் இருந்து, கால் இடங்கொடுத்தால் கோயில் தேரன்று காவடி எடுப்பதாக முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார்; அவளும் கூடவே விரதம் இருந்தாள். அவள் தினமும் காலைத் தேநீரில் ஒரு கரண்டி கலந்து கொடுத்தாள். முருகனுக்குக் கொஞ்சம் கைகொடுப்பதில் என்ன பிழை?

இரண்டாம் மாதமே மகேசன் கைபிடிக்காமல் படியேறினார். குடியிருந்த பியோர்ண்டாலில் கண்ட தமிழ்ச் சனத்துக்கெல்லாம் “முருகன் தந்த கால்” என்று காட்டிக்கொண்டு திரிந்தார். யோகராணிக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

தேருக்கு முதல்நாள் பின்னேரம் மகள் ஆரணி பேணியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தாள்.

“அம்மா, இது மீன்தோலிலை செய்தது. இதையோ விரதத்திலை குடிக்கிறியள்?”

யோகராணி பேணியைப் பறித்துக்கொண்டாள். தன் விரதம் போனால் போகட்டும். அந்த மனுசனின் நேர்த்தியையல்லவா காலை தவறாமல் தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள். சொன்னால் நாளைக்குக் காவடி எடுக்கமாட்டார். சொல்லாவிட்டால் தெய்வக் குற்றம்.

மகேசன் வரவேற்பறையில் காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்தார். பேணியை அவர் முன்னால் வைத்துவிட்டு அழுதாள்.

“இஞ்சேருங்கோ, உங்கடை தேத்தண்ணிக்கை இதைத்தான் கலந்தனான். மீன்தோலாம். சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவர் நிமிரவில்லை.

“எனக்குத் தெரியும். ஒன்பது வருசம் அந்தத் தோலை உரிச்சனான். முதல் நாளே மணம் பிடிபட்டிட்டுது.”

“பிறகேன் குடிச்சனீங்கள்?”

“ரெண்டு கிழமையிலை கால் நோ குறைஞ்சிட்டுது. என்ன செய்யச் சொல்லுறாய்?”

“என்னட்டையும் முருகன் தந்த கால் எண்டுதானே சொன்னனீங்கள்?”

மகேசன் இன்னொரு மயிலிறகை எடுத்துக் கட்டினார். யோகராணியின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. இருபது வருடமாக வாழ்ந்தது இந்த மனிதரோடுதானா என்று அவரையே பார்த்தாள். அவர் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆரணியை வெளியிலை கதைக்க வேண்டாமெண்டு சொல்லு. நாளைக்கு விடியவும் ஒரு கரண்டி போடு. தேர் சுத்திவரக் கனதூரம் நடக்கவேணும்.”