சம்பந்தியின் தாகம்

அந்தப் பாலைவனத்தில் ஒருவர் குடிக்கிற தண்ணீர் அவருடைய ஜோடிக்காரரின் தாகத்தைத்தான் தீர்க்கும். அதனால் நடைபயணம் வருகிறவர்களை நுழைவுச் சாவடியில் இரண்டிரண்டு பேராக எழுதிக்கொள்கிறார்கள். என்னை என் சம்பந்தி சங்கரபாண்டியனோடு எழுதினார்கள்.

டிக்கெட் போட்டது என் மகள் பொற்கொடியும் மாப்பிள்ளையும். கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் அப்பாக்கள் இருவரும் நாலு வார்த்தை பேசவில்லையாம். மூன்று நாள் மணலில் நடந்து ஒரே கூடாரத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்வோமாம். என் மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கென்று பொற்கொடி ஒருத்திதான். அவள் வாழ்கிற வீட்டுப் பெரிய மனுஷனிடம் வம்பு வேண்டாமென்று கிளம்பினேன்.

மரியாதை அங்கே தலைகீழ். 'நீங்க முதல்ல குடிங்க' என்றால், என் தொண்டையை நனையுங்கள் என்று அர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? முதல் நாள் ஒவ்வொரு மேட்டிலும் நானே முந்திக்கொண்டு குடித்தேன். அவர் தெம்பாக நடந்தார். அவரும் குடித்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் குடித்த அரைமணி நேரத்தில் நான் புதர் தேடி ஒதுங்கினேன்.

சாயங்காலம் கூடாரம் அடித்த பிறகு எனக்கு நாக்கு ஒட்ட ஆரம்பித்தது. அவர் தன் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடி வைத்துவிட்டார்.

"தூக்கம் நல்லா வந்துச்சா சம்பந்தி?" என்று காலையில் சிரித்தபடி கேட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணப் பந்தியில் சாம்பார் உப்பென்று பாதியில் இலையை மடித்தவர்தானே. அன்றைக்குப் பூராவும் அவர் பார்க்கும்போது பாட்டிலை அண்ணாந்து பிடித்துத் தொண்டையை மட்டும் ஆட்டினேன். எவர்சில்வர் பாட்டில், உள்ளே தெரியாது. அவரோ மடக் மடக்கென்று குடித்தார். என் தொண்டை குளுகுளுவென்று இருந்தது. ராத்திரி செய்ததை மறைக்கத்தான் இந்த உபசாரம் என்று என் சந்தேகம் கூடியது.

"குடிக்கிறீங்கள்ல?" என்று இரண்டு தரம் கேட்டார்.

"குடம் குடமாக் குடிக்கிறேன்" என்றேன்.

மூன்று மணிக்கு ஒரு மணல்மேட்டுச் சரிவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அந்த நிலையிலும் தன் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் குடித்தார்.

"இப்பவே முடிச்சிருவோம். பொழுது சாய்ஞ்சா உங்களுக்குக் கிடையாது" என்றார். குரலே எழும்பவில்லை. "ஆறு மணிக்கு மேல தண்ணி குடிச்சா அப்பா ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் போவாரு, தூங்கவே மாட்டாருன்னு மருமக சொல்லி அனுப்புச்சு."

நான் என் பாட்டிலை முழுதாகக் குடித்தேன். பையிலிருந்த அடுத்ததையும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் புதர் தேடிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. காலிப் பாட்டில்களைப் பைக்குள் தள்ளினேன். அவர் திரும்பி வந்தபோது அழுகை முட்டியது. கண்ணீர் அவர் கன்னத்தில் இறங்கியது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மறுநாள் வெளியேறும் சாவடியில் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். ஜோடியைப் பிரித்து எழுத ஆளில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வந்துவிட்டோம்.

சாத்தூரில் நான் வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறேன். கோவில்பட்டியில் அவரும் குடிக்கிறார். ஆறு மணிக்கு மேல் தொடுவதில்லை.

இன்று காலை பொற்கொடி போன் செய்தாள். "மாமா சும்மா பேப்பர் படிச்சிட்டு இருக்காரு, கண்ணுல பொலபொலன்னு கொட்டுது. அங்க என்னப்பா பண்றீங்க?"

"வெங்காயம் உரிக்கிறேன்மா."

"நேத்தும் அதைத்தான் சொன்னீங்க. ஒத்த ஆளுக்கு அவ்வளவு வெங்காயமா?"

ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் சம்பந்தி மூக்கைச் சிந்துவது கேட்டது.