காலி வண்டியின் எடை

அந்த ஊர் எடைமேடையில் காலி லாரியை ஏற்றினால், டிரைவரை வீட்டில் எவ்வளவு நினைக்கிறார்களோ அதுவும் சேர்ந்துதான் எடை காட்டும். பழுதுபார்க்க வந்த மெக்கானிக்குகள் மேடையைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கோளாறு இதில் இல்லை, உங்கள் ஆட்களிடம்தான் என்று சொல்லிப் போய்விட்டார்கள். இரண்டு வீடு வைத்திருந்த ஒரு டிரைவரின் குட்டு அங்கேதான் உடைந்தது. அடுத்த வாரமே இரண்டு வீட்டிலும் அவரை நினைக்க ஆளில்லை, பாவம். லாரியின் பக்கவாட்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எடைக்கு மேலே எது வந்தாலும் அதற்கு வீட்டுச் சுமை என்று பெயர். டீசல் விலையைப் போல அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு ஊர் தொழில் செய்தது.

புதிதாக லைசென்ஸ் வாங்கியவன் முன்னால் இரண்டு கம்பெனிகள் இருந்தன. ஒன்று மூணுவண்டிக்காரருடையது. மூன்றே லாரி, மூன்றும் கிழடு, கதவைச் சாத்தினால் கண்ணாடி தானாக இறங்கும். ஆனால் செங்கல்லை இறக்கிவிட்டு விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடலாம். இன்னொன்று பெரிய கம்பெனி. புத்தம்புது வண்டி, ஏசி, சீட்டுக்குப் பின்னால் மெத்தை. போனால் திரும்ப வாரக்கணக்காகும். "முதல்ல எங்க சேர்றோமோ அதுதாண்டா தலையெழுத்து. ஓட்டை வண்டில கை பழகினவன எவனும் நல்ல வண்டில ஏத்த மாட்டான்" என்று டீக்கடையில் மூத்த டிரைவர்கள் ஓதிக்கொண்டே இருந்தார்கள். அவன் மனைவி மட்டும், "மூணுவண்டிக்காரர்கிட்டயே சேருங்களேன். சாயங்காலம் உங்க முகத்தப் பாத்தா போதும் எனக்கு" என்றாள். குழந்தை காய்ச்சலில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு அறைகளில் தனியாக இருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் தலையாட்டினான். கண்ணெல்லாம் புது வண்டிமேல்தான்.

பெரிய கம்பெனியில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் காலியாக மேடையில் ஏற்றச் சொல்வார்கள். வீட்டுச் சுமை இருந்தால் அந்த அளவுக்குச் சரக்கு குறையும், ஆகவே ஆள் வேண்டாம். அவன் ஏற்றியபோது முழுசாக ஒரு ஆள் கனம் கூடுதலாக வந்தது. "தங்கச்சி உன்ன விட்டு நகரவே இல்ல போலிருக்கே தம்பி!" என்று எடைமேடைக்காரர் சிரித்தார். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, பெருமையாகவும் இருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. இதற்கு டிரைவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். எடை போடுகிற நாள் காலையில் வீட்டில் ஒரு சண்டை. அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் அன்றைக்குச் சுமை வராது. சாயங்காலம் சமாதானம் ஆகிவிடலாம், சேர்த்துக்கொண்ட பிறகு கம்பெனி மறுபடி பார்ப்பதில்லை. மறுபடி எடை போடக் கூப்பிட்ட நாள் காலையில் அவனும் குழம்பில் உப்பில்லை என்று தொடங்கினான். அவள் சிரித்துக்கொண்டே உப்புக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். அவளுடைய அண்ணனைத் திட்டிப் பார்த்தான். "அவன் அப்படித்தான், விடுங்க" என்றாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்று சொன்னான்: "அன்னைக்கு நீ தூங்காம இருந்திருந்தா பிள்ள பொழச்சிருக்கும்."

அன்றைக்கு, நீ கொஞ்சம் படு, நான் பாத்துக்கறேன் என்று அவளைப் படுக்க வைத்ததே அவன்தான். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் உப்புக் கிண்ணத்தை மூடி அலமாரியில் வைத்தாள். மேடையில் ஏறிய வண்டி எழுதியிருந்த எடையை அப்படியே காட்டியது. சாவியைக் கையில் கொடுத்தார்கள்.

முதல் நடை முடிந்து பூப்போட்ட குடை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். "அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேங்க. கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. கோபமென்றால் ஒரு நாள் தணியும், இதை என்ன செய்வது? மற்றவர்களுக்கு மறுநாளே திரும்பிவிடும் சுமை அவன் வண்டிக்குத் திரும்பவில்லை. நெஞ்சு பொறுக்காமல் மூணுவண்டிக்காரரிடம் போய் வேலை கேட்டான். அவர் தன் லாரியை அவனிடம் கொடுத்து மேடையில் ஏற்றச் சொன்னார், எண்ணைப் பார்த்தார், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நம்ம வண்டி பழசு தம்பி. வீட்டு நினைப்பு இல்லாத ஆள் கையில குடுக்க எனக்குப் பயமா இருக்கு."

ஆகவே பெரிய கம்பெனியிலேயே இருந்தான். பேர் எடுத்தான், தலை நரைத்தது, வண்டி நாலு மாறியது. வீட்டில் ஒரு குறையும் இல்லை. துணி துவைத்திருக்கும், கேட்டதற்குப் பதில் வரும், குடையை அவள் மழைக்கு எடுத்துப் போவாள். ஒவ்வொரு நடை முடிந்ததும், யாரும் கேட்காமலே, சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியை மேடையில் ஏற்றி, இறங்கிப் போய் ஜன்னலருகே நிற்பான். ஆரம்பத்தில் எடைமேடைக்காரர் எண்ணைச் சொல்ல மனமில்லாமல் எதையாவது தேடுவது போல் குனிந்துகொள்வார். போகப்போக அவருக்கும் பழகிவிட்டது.

"சரியா இருக்கு தம்பி" என்பார்.

"சரிண்ணே" என்று இவன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். சாப்பாடு சூடாகவே இருக்கும்.